கோடு எங்கே விழுகிறது? அரசின் பற்றாக்குறையையும் கடனையும் அளக்கும் விதம்

2010 ஆகஸ்டில் கிரேக்கத்தின் தேசியப் புள்ளியியல் அமைப்புக்குத் தலைவராக வந்தார் ஆந்த்ரேயாஸ் ஜார்ஜியூ. அதற்கு முன் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சர்வதேச நாணய நிதியமான ஐஎம்எஃப்பில் வேலை பார்த்தவர். வந்த சில மாதங்களில், அந்த நவம்பரில், 2009-ஆம் ஆண்டுக்கான கிரேக்க அரசின் பற்றாக்குறை நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தியான ஜிடிபியில் 15.4% என்று வெளியானது. 2009-இன் முற்பகுதியில் அதே ஆண்டுக்குச் சொல்லப்பட்டிருந்த எண் 3.7%. அக்டோபரில் ஆட்சி மாறியதும் அது 12.5% ஆனது. 2010 ஏப்ரலில் 13.6%. கடைசியில் 15.4%.

ஜார்ஜியூ கொடுத்த கணக்கை ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளியியல் அலுவலகமான யூரோஸ்டாட் எந்த ஆட்சேபமும் இல்லாமல் ஏற்றுக்கொண்டது. ஆனால் அவருடைய சொந்த நாட்டில் பற்றாக்குறையை வேண்டுமென்றே ஊதிப் பெருக்கினார் என்று வழக்குப் போட்டார்கள். வழக்கு மேல் வழக்காக ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தது. திருத்திய எண்ணை வெளியிடும் முன் அமைப்பின் குழுவில் ஓட்டெடுப்புக்கு விடவில்லை என்பதற்காக 2017-இல் அவருக்கு இரண்டு ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்து நிறுத்திவைத்தார்கள். ஒரு புள்ளிவிவரம் சரியா தவறா என்பதை ஓட்டெடுத்துத் தீர்மானிக்க முடியாது என்று அவர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

இந்தக் கதையில் கள்ளக்கணக்கு இருந்தது உண்மை. ஆனால் ஒரே ஆண்டுக்கு நான்கு எண்கள் வந்ததற்குப் பொய் மட்டும் காரணமில்லை. கடைசித் திருத்தத்தில் ஒரு பகுதி, நட்டத்தில் ஓடிக்கொண்டிருந்த ரயில், பேருந்து போன்ற அரசு நிறுவனங்களை ‘அரசு’ என்ற வட்டத்துக்குள் கொண்டுவந்ததால் வந்தது. அதாவது பணம் ஏற்கெனவே செலவாகிவிட்டிருந்தது; கடனும் ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது. மாறியது, எது அரசு எது அரசில்லை என்று பிரிக்கும் கோடு. பற்றாக்குறையைக் குறைக்க விரும்பும் ஓர் அரசுக்கு உள்ள வழிகள் மூன்று: செலவைக் குறைக்கலாம், வருவாயைக் கூட்டலாம், அல்லது இந்தக் கோட்டை நகர்த்தலாம். மூன்றாவதுதான் வலிக்காத வழி. அதனால்தான் அதைப் பற்றி விளக்கமாக எழுத வேண்டியிருக்கிறது.

அடிப்படையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓர் ஆண்டில் அரசின் செலவு அதன் வருவாயைத் தாண்டினால், தாண்டிய தொகை பற்றாக்குறை. அதை அடைக்க வாங்கி, இன்னும் திருப்பித் தராமல் இருப்பவற்றின் மொத்தம் கடன். பற்றாக்குறைக்கு ஒரு காலம் உண்டு. “இந்த நிதியாண்டில்” என்று சொல்லியாக வேண்டும். கடனுக்கு ஒரு தேதி உண்டு. “மார்ச் 31 அன்று” என்று சொல்லியாக வேண்டும். பற்றாக்குறை பாதியாகக் குறைந்தது என்றால் கடன் குறைந்தது என்று அர்த்தமில்லை. கடன் ஏறும் வேகம் குறைந்தது என்றுதான் அர்த்தம். இரண்டையும் குழப்பும் மேடைப் பேச்சுகள் எல்லா நாட்டிலும் உண்டு.

எந்த அரசின் கணக்கு?

மத்திய அரசு மட்டுமா? மாநிலங்கள், நகராட்சிகள், சமூகப் பாதுகாப்பு நிதிகள் எல்லாம் சேர்ந்தா? அரசுக்குச் சொந்தமான மின்வாரியம், ரயில்வே, வங்கிகள்? வட்டத்தை விரிக்க விரிக்க எண் மாறும். பல நாடுகளை ஒப்பிடும்போது ஐஎம்எஃப் பொதுவாக மத்திய, மாநில, உள்ளாட்சி மூன்றையும் சேர்த்த ‘பொது அரசு’ என்ற வட்டத்தை எடுத்துக்கொள்கிறது. ஒரு கூட்டாட்சி நாட்டின் மத்திய பட்ஜெட்டில் உள்ள எண்ணை இன்னொரு நாட்டின் முழு அரசின் எண்ணோடு ஒப்பிட்டு எழுதப்படும் தலைப்புச் செய்திகள் இங்கேயே தவறிவிடுகின்றன.

அரசு நிறுவனங்களைப் பிரிக்க ஐரோப்பியக் கணக்குமுறையில் ஒரு சோதனை இருக்கிறது. நிறுவனம் விற்று ஈட்டும் பணம் அதன் உற்பத்திச் செலவில் பாதியையாவது ஈடுகட்ட வேண்டும். ஈடுகட்டினால் அது சந்தை நிறுவனம், வட்டத்துக்கு வெளியே. இல்லையென்றால் அது அரசின் ஓர் அங்கம். அதன் நட்டமும் கடனும் அரசின் நட்டமும் கடனும். கிரேக்கப் போக்குவரத்து நிறுவனங்கள் விழுந்தது இந்தச் சோதனையில்தான்.

இந்தியாவிலும் ஒரு தெளிவான உதாரணம் உண்டு. உணவு மானியத்துக்காக மத்திய அரசு இந்திய உணவுக் கழகத்துக்குக் கொடுக்க வேண்டிய பணத்தை முழுதாகக் கொடுக்காமல், தேசியச் சிறுசேமிப்பு நிதியிலிருந்து அந்தக் கழகம் கடன் வாங்கிக்கொள்ளும்படி சில ஆண்டுகள் நடந்தது. மானியம் மக்களுக்குப் போய்ச் சேர்ந்தது, கடனும் ஏறியது, ஆனால் பட்ஜெட்டில் பற்றாக்குறையாகத் தெரியவில்லை. 2021 பிப்ரவரி பட்ஜெட்டில் அந்த நிலுவையைக் கணக்குக்குள் கொண்டுவந்தார்கள். 2020-21-க்கு முதலில் 3.5% என்று மதிப்பிட்டிருந்த நிதிப் பற்றாக்குறை திருத்திய மதிப்பீட்டில் 9.5% ஆனது. பெருந்தொற்றில் வருவாய் விழுந்ததும் செலவு கூடியதும் ஜிடிபி சுருங்கியதும் பெரிய காரணங்கள். ஆனால் அந்த உயர்வில் ஒரு பகுதி, முந்தைய ஆண்டுகளில் எழுதாமல் விட்டதை எழுதியதால் வந்தது. எண் மோசமானது, கணக்கு நல்லதானது. இரண்டும் ஒரே நாளில் நடக்கலாம் என்பதை மறக்கக் கூடாது. ஓர் அரசு நேர்மையாகக் கணக்கெழுதும் ஆண்டில் அதைத் தண்டித்தால் அடுத்த அரசு அந்த நேர்மையைத் தொடாது.

சீனாவில் உள்ளாட்சிகள் நேரடியாகக் கடன் வாங்க நீண்டகாலம் தடை இருந்ததால், அவை உருவாக்கிய நிதி நிறுவனங்கள் வழியே சாலையும் பாலமும் கட்டின. அதிகாரபூர்வப் பற்றாக்குறையில் அவை இல்லை. ஐஎம்எஃப் அவற்றையும் சேர்த்து ‘விரிவாக்கிய’ கணக்கு ஒன்றைத் தனியே போடுகிறது. அது அதிகாரபூர்வ எண்ணைவிட மிகப் பெரியது.

வருவாய் எது, கடன் எது?

இந்தக் கேள்வி சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். ஆனால் இந்தியாவில் 1997 வரை ‘பட்ஜெட் பற்றாக்குறை’ என்று சொல்லப்பட்ட எண், அரசு சந்தையில் வாங்கிய கடனை மூலதன வரவு என்று வரவுப் பக்கத்தில் எழுதிக்கொண்ட பிறகு மிஞ்சிய இடைவெளிதான். குறுகிய காலக் கடன்பத்திரங்களான கருவூல உண்டியல்களையும் கையிருப்பையும் கொண்டு அடைத்த துண்டு மட்டுமே அதில் தெரியும். தேவைப்பட்டபோதெல்லாம் ரிசர்வ் வங்கியிடம் உண்டியல் கொடுத்துப் பணம் பெறும் வழக்கம் அந்த ஆண்டு ஏப்ரலில் முடிவுக்கு வந்தது. அதோடு அந்தச் சொல்லும் வழக்கொழிந்தது. இன்று எல்லோரும் பேசும் நிதிப் பற்றாக்குறை, மொத்தச் செலவிலிருந்து கடனல்லாத வரவுகளை மட்டும் கழித்தது. அதாவது அரசு எவ்வளவு கடன் வாங்க வேண்டியிருக்கிறது என்பதைச் சொல்லும் எண்.

இதன் இரண்டு உடன்பிறப்புகள் வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்கின்றன. வருவாய்ப் பற்றாக்குறை, அன்றாடச் செலவுக்கே கடன் வாங்குகிறோமா என்று கேட்கிறது. சம்பளம், வட்டி, மானியம் போன்றவை வரி உள்ளிட்ட வருவாயைத் தாண்டுகின்றனவா என்று பார்க்கிறது. முதன்மைப் பற்றாக்குறை, வட்டியை ஒதுக்கிவிட்டுப் பார்க்கிறது. வட்டி பழைய ஆட்சிகள் விட்டுச்சென்ற சுமை. அதைக் கழித்தால் இன்றைய அரசின் சொந்த நடத்தை தெரியும். ஜமைக்கா இதற்கு நல்ல சாட்சி. 2013-இல் ஐஎம்எஃப்போடு செய்துகொண்ட ஏற்பாட்டில் அது ஜிடிபியில் 7.5% முதன்மை உபரி காட்ட வேண்டியிருந்தது. வட்டி தவிர்த்த செலவுக்கு மேல் அவ்வளவு வருவாய் மிஞ்ச வேண்டும் என்பது மக்களை நெருக்கும் கடுமையான இலக்கு. மிஞ்சியதைப் பெருமளவு வட்டியே தின்றது. அப்படியும் பல ஆண்டுகள் விடாமல் நின்றதால் ஜிடிபியில் 140%-க்கும் மேல் இருந்த கடன் விகிதம் பத்தாண்டில் ஏறக்குறைய பாதியானது.

சொத்தை விற்று வரும் பணம் வருவாயா? இந்திய மத்திய அரசின் கணக்கில், அரசு நிறுவனப் பங்குகளை விற்ற பணம் கடனல்லாத வரவு. ஆகவே நிதிப் பற்றாக்குறையைக் குறைக்கும். ஐஎம்எஃப் கையேட்டின்படி அது வருவாயே அல்ல. பங்கு போனது, பணம் வந்தது, அரசு கூடுதலாக எதுவும் ஈட்டவில்லை; பற்றாக்குறையை எப்படி அடைத்தார்கள் என்ற பகுதியில்தான் அது வரும். ஒரே அரசு, ஒரே ஆண்டு, ஒரே பரிவர்த்தனை, இரண்டு பற்றாக்குறைகள். என் மனம் ஐஎம்எஃப் பக்கம். விற்ற சொத்தை மறுபடி விற்க முடியாது.

இதைவிட நுட்பமானது ஓய்வூதிய நிதியை விழுங்குவது. யூரோ நாணயத்தில் சேரத் தகுதி பார்க்கும் ஆண்டாக 1997 இருந்தது. பற்றாக்குறை 3%-க்குள் இருக்க வேண்டும். பிரான்ஸ் தன் தொலைபேசி நிறுவனமான பிரான்ஸ் டெலிகாமின் ஊழியர் ஓய்வூதியப் பொறுப்பைத் தானே ஏற்றுக்கொண்டு, அதற்கு ஈடாக 3,750 கோடி ஃபிராங்க் வாங்கியது. வந்த பணம் அந்த ஆண்டின் வருவாய். வரப்போகும் பத்தாண்டுகளின் ஓய்வூதியம் எந்தக் கணக்கிலும் இல்லை. பிரிட்டன் 2012-இல் ராயல் மெயில் அஞ்சல் நிறுவனத்தின் ஓய்வூதியத் திட்டத்தை எடுத்துக்கொண்டபோதும் இதே கதை: 2,800 கோடி பவுண்டு சொத்து கைக்கு வந்தது, அந்த ஆண்டின் பற்றாக்குறை அந்த அளவுக்குக் குறைந்து தெரிந்தது. கூடவே வந்த பொறுப்பு அந்தச் சொத்தைவிடப் பெரியது. இன்றைய ஐரோப்பியக் கணக்குவிதி இந்த வாசலை அடைத்துவிட்டது. விதி இறுகுவதற்குள் பலர் உள்ளே போய் வந்துவிட்டார்கள்.

எந்த நாளில் எழுதுவது?

பணம் கைமாறும் நாளில் எழுதினால் ரொக்க முறை. கொடுக்க வேண்டிய கடமை பிறந்த நாளிலேயே எழுதினால் அதை அக்ரூவல் முறை என்கிறார்கள் கணக்காளர்கள். ரொக்க முறையில் ஓட்டை வெளிப்படை: மார்ச்சில் கொடுக்க வேண்டிய பில்லை ஏப்ரலுக்குத் தள்ளினால் இந்த ஆண்டு அழகாகிவிடும். அரசு முழுமைக்கும் அக்ரூவல் முறையில் கணக்கு வெளியிட்ட முதல் நாடு நியூசிலாந்து. 1990-களின் தொடக்கத்திலேயே சொத்து, பொறுப்பு எல்லாவற்றையும் ஒரு நிறுவனத்தின் இருப்புநிலைக் குறிப்புபோல எழுதத் தொடங்கிவிட்டது.

அக்ரூவல் முறை நேர்மையானது. ஆனால் அதிர்ச்சி தரக்கூடியது. 2010-இல் அயர்லாந்தின் பற்றாக்குறை ஜிடிபியில் சுமார் 32%. அமைதிக் காலத்தில் ஒரு வளர்ந்த நாட்டில் அப்படியோர் எண்ணைக் காண்பது அபூர்வம். முறிந்துகொண்டிருந்த வங்கிகளைத் தாங்க அரசு சுமார் 3,100 கோடி யூரோவுக்கு உறுதிப்பத்திரம் எழுதிக்கொடுத்தது. பணத்தைப் பல ஆண்டுகளில் தவணையாகத்தான் கொடுப்பதாக ஏற்பாடு. ஆனால் கடமை 2010-இல் பிறந்துவிட்டதால் முழுத் தொகையும் அந்த ஓர் ஆண்டின் கணக்கில் ஏறியது. ரொக்க முறையில் எழுதியிருந்தால் அந்தத் தொகை பத்தாண்டுகளில் கரைந்து கண்ணுக்கே தெரிந்திருக்காது.

அமெரிக்காவின் பட்ஜெட் பெரும்பாலும் ரொக்க முறை. ஆனால் அரசு கொடுக்கும் கடன்களுக்கு மட்டும் 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி வேறு முறை: கடன் கொடுக்கும்போதே அதில் எவ்வளவு திரும்பி வராது என்று கணித்துச் செலவாக எழுத வேண்டும். 2022 ஆகஸ்டில் மாணவர் கடன் தள்ளுபடி அறிவிக்கப்பட்டதும், சுமார் 37,900 கோடி டாலர் அந்த நிதியாண்டின் செலவில் ஏறியது. யாருடைய கடனும் அப்போது தள்ளுபடி ஆகியிருக்கவில்லை. 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் திட்டத்தை ரத்து செய்ததும் அந்தச் செலவின் பெரும்பகுதி அடுத்த நிதியாண்டில் திருப்பி எழுதப்பட்டது. விளைவு: அறிவிக்கப்பட்ட பற்றாக்குறை 2022-இல் சுமார் 1.4 லட்சம் கோடி டாலர், 2023-இல் சுமார் 1.7 லட்சம் கோடி. அந்தத் தள்ளுபடியை இரண்டு ஆண்டிலிருந்தும் நீக்கிப் பார்த்தால் முதலாவது 1 லட்சம் கோடிக்கு அருகே, இரண்டாவது 2 லட்சம் கோடிக்கு அருகே. “பற்றாக்குறை கொஞ்சம் கூடியது” என்று படித்தவர்களும் “இரட்டிப்பானது” என்று படித்தவர்களும் ஒரே கருவூலத்தைத்தான் பார்த்தார்கள்.

பிரிட்டனில் மாணவர் கடன் எதிர்த்திசையில் போனது. கொடுத்த கடனில் கணிசமான பகுதி ஒருநாளும் திரும்பாது என்று தெரிந்தும் அது முழுதும் சொத்தாகவே எழுதப்பட்டுவந்தது. திரும்பாத பகுதியைக் கொடுக்கும்போதே செலவாகப் பிரித்தெழுத வேண்டும் என்று 2018 டிசம்பரில் தேசியப் புள்ளியியல் அலுவலகம் முடிவெடுத்தது. ஆண்டுப் பற்றாக்குறை ஆயிரம் கோடி பவுண்டுக்கு மேல் கூடியது. ஒரு மாணவருக்கும் ஒரு பைசா மாறவில்லை.

பணவீக்கம் புகுந்தால்

இதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. எனக்கு இது மிகவும் முக்கியமாகப் படுகிறது. பணவீக்கம் 50% உள்ள நாட்டில் அரசு 55% வட்டி கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வட்டியில் 50 பங்கு, கடன் கொடுத்தவர் பணவீக்கத்தில் இழந்த அசலை ஈடுகட்டுவது. 5 பங்கு மட்டுமே உண்மையான வட்டி. வழக்கமான பற்றாக்குறையோ 55-ஐயும் வட்டிச் செலவு என்றே எழுதும். 1980-களில் பிரேசில் போன்ற நாடுகளில் இதனால் பற்றாக்குறை நம்பமுடியாத உயரத்துக்குப் போனது. அப்போதுதான், வட்டியில் பணவீக்க ஈடாக உள்ள பகுதியைக் கழித்துவிட்டுப் பார்க்கும் ‘செயல்பாட்டுப் பற்றாக்குறை’ என்ற அளவு பயன்பாட்டுக்கு வந்தது. இரண்டில் எது சரி என்று கேட்டால், இரண்டும் தேவை. சந்தையில் எவ்வளவு பணம் திரட்ட வேண்டும் என்று முதலாவது சொல்லும். அரசின் கொள்கை எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று இரண்டாவது சொல்லும்.

பிரிட்டனின் கடனில் ஏறக்குறைய கால் பங்கு பணவீக்கத்தோடு பிணைக்கப்பட்ட பத்திரங்கள். 2022-இல் விலைவாசி ஏறியபோது, பத்திரம் முதிரும்போதுதான் கொடுக்க வேண்டிய அசல் உயர்வும் அந்தந்த மாதத்தின் வட்டிச் செலவாகக் கணக்கில் ஏறியது. மாதாந்தர வட்டிச் செலவு சாதனை அளவு என்று செய்தி வந்ததன் பின்னணி இது.

கடனை எந்த விலையில் எழுதுவது?

கடன் என்றால் எழுதிக்கொடுத்த முகமதிப்பா, இன்று சந்தையில் அந்தப் பத்திரம் போகும் விலையா? ஆஸ்திரியா 2020-இல் நூறு ஆண்டுப் பத்திரம் ஒன்றை 0.85% வட்டிக்கு விற்றது. பின்னர் வட்டி விகிதங்கள் ஏறியதும் அதன் சந்தை விலை முகமதிப்பில் பாதிக்கும் கீழே விழுந்தது. ஆஸ்திரியா 2120-இல் திருப்பித் தர வேண்டியது முழு முகமதிப்பு. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி முகமதிப்பையே எடுக்கிறது. ஐஎம்எஃப் கையேடு சந்தை மதிப்பை விரும்புகிறது. நெருக்கடியில் சிக்கிய நாட்டுக்குச் சந்தை மதிப்பு விநோதமான பலன் தரும்: அந்த அரசு திருப்பித் தராது என்று எல்லோரும் பயப்படப் பயப்படப் பத்திர விலை விழும், கடன் ‘குறையும்’.

ஐரோப்பிய விதியில் இன்னொரு இடைவெளி உண்டு. கடனில் பத்திரங்கள், வாங்கிய கடன்கள், வைப்புகள் சேரும். ஒப்பந்தக்காரர்களுக்குக் கொடுக்காமல் நிறுத்திவைத்த பில்கள் பொதுவாகச் சேராது. இத்தாலியில் இந்த நிலுவை மலையாகக் குவிந்து, சிறு நிறுவனங்கள் பணத்துக்குக் காத்துக் காத்து மூடப்பட்டன. 2013-இல் ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்து இரண்டு ஆண்டுகளில் 4,000 கோடி யூரோ நிலுவையைத் தீர்க்க முடிவெடுத்தார்கள். அதற்காகப் பத்திரம் விற்றதும் அதிகாரபூர்வக் கடன் ஏறியது. அதுவரை அந்தக் கடனைச் சுமந்தவர்கள் அரசுக்கு வேலை செய்து கொடுத்தவர்கள். அவர்களின் பேரேட்டில் அது இருந்தது, அரசின் பேரேட்டில் கடன் என்ற தலைப்பில் இல்லை. பற்றாக்குறை எண்களில் மனிதர்கள் தெரிவதில்லை என்பார்கள். இங்கே தெரிகிறார்கள்.

மொத்தக் கடன், அரசின் நிதிச் சொத்துகளைக் கழித்த நிகரக் கடன் என்ற பிரிவும் இங்கேதான் வரும். அமெரிக்காவில் 2024 செப்டம்பர் இறுதியில் மொத்தக் கடன் சுமார் 35.5 லட்சம் கோடி டாலர். இதில் 7 லட்சம் கோடிக்கு மேல் அரசின் ஒரு கை இன்னொரு கைக்குத் தர வேண்டியது. சமூகப் பாதுகாப்பு அறக்கட்டளை நிதி போன்றவை வைத்திருக்கும் கருவூலப் பத்திரங்கள். வெளியாரிடம் உள்ள கடன் சுமார் 28 லட்சம் கோடி. பொருளியலாளர்கள் பார்ப்பது பின்னதை. கடன் உச்சவரம்பு பற்றிய அரசியல் சண்டை நடப்பது ஏறக்குறைய முன்னதன் மேல்.

ஜப்பானின் மொத்தக் கடன் ஜிடிபியில் 250% அளவைத் தொட்டது. அரசு கையில் வைத்திருக்கும் நிதிச் சொத்துகளைக் கழித்தால் ஏறக்குறைய நூறு புள்ளி குறையும். அதன் பத்திரங்களில் பாதியளவு அந்நாட்டு மத்திய வங்கியிடமே இருக்கிறது. அதைச் சேர்க்க வேண்டாம் என்று சிலர் வாதிடுவார்கள். எனக்கு உடன்பாடில்லை: மத்திய வங்கி அந்தப் பத்திரங்களை வாங்கியது வங்கிகள் தன்னிடம் வைத்திருக்கும் கையிருப்பை உருவாக்கித்தான், அந்தக் கையிருப்புக்கும் வட்டி கொடுக்க வேண்டியிருக்கிறது. கடன் மறையவில்லை, நீண்டகாலக் கடன் ஒருநாள் கடனாக மாறியிருக்கிறது. நார்வேக்கோ மொத்தக் கடன் உண்டு, ஆனால் எண்ணெய்ப் பணத்தில் வளர்ந்த அதன் நிதி நாட்டின் ஆண்டு உற்பத்தியைவிடப் பல மடங்கு. நிகரமாகப் பார்த்தால் அது கடன்காரநாடே அல்ல. நிகரக் கணக்கு நியாயமானது, சொத்து உண்மையிலேயே விற்கக்கூடியதாக இருக்கும்வரை.

எதிர்கால ஓய்வூதியமும் மருத்துவ உறுதிமொழிகளும் இந்த எந்த எண்ணிலும் பெரும்பாலும் இல்லை. சட்டத்தை மாற்றி அவற்றைக் குறைக்கலாம், பத்திரத்தை அப்படிக் குறைக்க முடியாது என்பது காரணம். ஐரோப்பாவில் ஓய்வூதிய உறுதிமொழிகளுக்கென ஒரு துணை அட்டவணை வெளியிடுகிறார்கள். அதைத் தேடிப் படிப்பவர்கள் கொஞ்சம்.

எதால் வகுப்பது?

பற்றாக்குறைக்கு 3%, கடனுக்கு 60% என்ற இரண்டு எண்கள் 1992-இல் கையெழுத்தான மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தோடு உலகப் புகழ் பெற்றன. அவற்றுக்கிடையே ஓர் எளிய கணக்கு உண்டு. ஜிடிபி 100, கடன் 60. விலைவாசி உயர்வும் சேர்த்து ஜிடிபி 5% வளர்ந்து 105 ஆகிறது. பற்றாக்குறை 3 என்றால் கடன் 63. 63-ஐ 105-ஆல் வகுத்தால் மறுபடி 60%. வளர்ச்சி 5% இல்லாமல் 2% ஆனால் இந்தக் கணக்கு உடைந்துவிடும். அப்போது அதே 3% பற்றாக்குறை கடன் விகிதத்தை ஆண்டுதோறும் ஏற்றிக்கொண்டே போகும். 3% என்பது இயற்கை விதி அல்ல. ஒரு காலத்தின் வளர்ச்சியை நம்பி எழுதிய எண்.

வகுக்கும் எண் மாறினாலும் விகிதம் மாறும். நைஜீரியா 2014 ஏப்ரலில் ஜிடிபியைக் கணக்கிட ஒப்பீட்டுக்கு எடுக்கும் அடிப்படை ஆண்டை 1990-இலிருந்து 2010-க்கு மாற்றியதும், 2013-இன் ஜிடிபி 89% கூடியது. கடன் ஒரு நைராகூடக் குறையாமல் கடன் விகிதம் ஏறக்குறைய பாதியானது. அயர்லாந்தில் 2015-இல் பன்னாட்டு நிறுவனங்கள் அறிவுசார் சொத்துகளை அங்கே மாற்றியதில் ஜிடிபி ஒரே ஆண்டில் 26% வளர்ந்ததாகத் தெரிந்தது. 100%-க்கு மேல் இருந்த கடன் விகிதம் 80%-க்குக் கீழே இறங்கியது. அந்த வளர்ச்சியை அயர்லாந்துக்காரர்களே நம்பவில்லை. தங்கள் புள்ளியியல் அலுவலகம் மூலம் திருத்திய தேசிய வருமானம் என்ற தனி அளவையே உருவாக்கி, கடனை அதால் வகுக்கத் தொடங்கினார்கள். தன் எண் அழகாக இருக்கும்போது அதைச் சந்தேகித்துத் திருத்துவது அரிது. மதிக்க வேண்டிய செயல்.

ஜிடிபியால் வகுப்பதே சரியா என்றும் கேட்கலாம். வட்டியைக் கட்டுவது ஜிடிபி அல்ல, அரசின் வருவாய். நைஜீரியாவின் கடன் விகிதம் பணக்கார நாடுகளோடு ஒப்பிட்டால் சிறியது. ஆனால் அரசு வருவாய் ஜிடிபியில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இருந்த ஆண்டுகளில், வந்த வருவாயின் பெரும் பகுதி வட்டிக்கே போனது. ஏழை நாடுகளுக்கு நான் முதலில் பார்ப்பது வருவாயில் வட்டி எத்தனை பங்கு என்பதைத்தான்.

கூட்டிப் பார்த்தால் பொருந்துகிறதா?

எல்லாக் கணக்குமுறைகளையும் கற்றுக்கொள்ள நேரமில்லாத வாசகருக்கு ஒரு சோதனை இருக்கிறது. ஐந்தாறு ஆண்டுகளின் பற்றாக்குறைகளைக் கூட்டுங்கள். அதே காலத்தில் கடன் எவ்வளவு கூடியது என்று பாருங்கள். பற்றாக்குறைக்காகத்தான் கடன் வாங்கப்படுகிறது என்றால் இரண்டும் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும்.

ஒத்துப்போகாததற்கு நியாயமான காரணங்கள் உண்டு. இலங்கையில் 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டாலருக்கு சுமார் 200 ரூபாயாக இருந்தது மே மாதத்துக்குள் 360 ரூபாய்க்குப் போனது. டாலரில் வாங்கிய கடன் ஒரு டாலர்கூடக் கூடாமல் ரூபாய்க் கணக்கில் முக்கால் பங்குக்கு மேல் ஏறியது. எந்த ஆண்டின் பற்றாக்குறையிலும் அது வராது. அரசு உத்தரவாதம் கொடுத்த நிறுவனம் கைவிரித்தால், அந்தக் கடனும் ஒரே நாளில் வந்து சேரும். எதிர்காலத் தேவைக்காகக் கடன் வாங்கி வங்கியில் போட்டுவைத்தாலும் கடன் பற்றாக்குறையை முந்தும்.

இவை எல்லாம் ஒரு திசையில் மட்டும் போவதில்லை. சில ஆண்டு கூடும், சில ஆண்டு குறையும். எப்போதும் ஒரே பக்கமாக இடைவெளி விழுந்தால் எங்கோ ஒரு செலவு எழுதப்படவில்லை. மொசாம்பிக்கில் 2013, 2014-இல் அரசு உத்தரவாதத்தோடு மூன்று நிறுவனங்கள் வாங்கிய சுமார் 200 கோடி டாலர் கடனில் பாதிக்கு மேல் நாடாளுமன்றத்துக்கும் ஐஎம்எஃப்புக்கும் தெரியாமல் இருந்து 2016 ஏப்ரலில் வெளியே வந்தது. நிதியுதவி நின்றது, நாணயம் சரிந்தது. செனகலில் 2023-இன் பற்றாக்குறை 4.9% என்று சொல்லப்பட்டிருந்தது. 2025 பிப்ரவரியில் அந்நாட்டுத் தணிக்கை நீதிமன்றம் அதை 12.3% என்று கணக்கிட்டது.

ஐஎம்எஃப் ஒவ்வொரு நாட்டுக்கும் வெளியிடும் கடன் ஆய்வில், கடன் விகிதம் ஏன் மாறியது என்று பிரித்துக் காட்டும் ஓர் அட்டவணை இருக்கும். முதன்மைப் பற்றாக்குறையால் இவ்வளவு, வட்டிக்கும் வளர்ச்சிக்கும் உள்ள இடைவெளியால் இவ்வளவு, நாணய மதிப்பால் இவ்வளவு என்று வரிசையாக வந்து, கடைசியில் எதிலும் சேராத மிச்சம் என்று ஒரு வரி வரும். சிறிய எழுத்தில் இருக்கும். ஒரு நாட்டின் கணக்கைப் புரிந்துகொள்ள நான் முதலில் திறக்கும் பக்கம் அது, முதலில் படிக்கும் வரியும் அது.